மூணு வேளை என்று நான் சொன்னது

ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி அழைப்பு வந்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார்கள். பாஸ்பேட் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், மாத்திரையைப் பற்றியா என்று தொலைபேசியில் திருப்பிக் கேட்டார்கள். இயந்திரம் பழுதானது, மின்சாரம் நின்றது, ரத்தக் குழாய் கழன்றது என்று எதையாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் நடந்ததுண்டு. ஆனால் இத்தனை வருட வேலையில், வாயைத் திறப்பதற்கு முன் என்னை ஒரு தடவை யோசிக்க வைத்தது அந்தச் சாதாரண வெள்ளை மாத்திரைதான்.

அது என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு, சாப்பாட்டிலிருந்து வரும் பாஸ்பேட் உடம்பிலேயே தங்கிவிடும். தோல் அரிக்கும், எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாய்கள் கெட்டிப்படும். சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகிற மாத்திரை, அங்கேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். வயிற்றில் சாப்பாடு இல்லையென்றால் அதற்குப் பிடிக்க எதுவும் இல்லை. இதைப் பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். தேறிய பிறகு செய்த தவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் நான் இந்தப் பிரிவுக்கு வந்தபோது பாஸ்பேட்டைப் பிடிக்கக் கால்சியம் மாத்திரை இல்லை. அலுமினியம் கலந்த மருந்துதான். கெட்டியான வெள்ளைத் திரவம். சுவரில் அடிக்கும் சுண்ணாம்பைக் குடிப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள். வேறு வழி இல்லாததால் வற்புறுத்திக் குடிக்க வைத்தோம்.

அப்போது எங்களிடம் ஒரு ஆசிரியை வந்துகொண்டிருந்தார். நான் போகும் தேவாலயத்தில் பாடல் குழுவை நடத்தியவர். நல்ல குரல். இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு சொல், பிறகு ஒவ்வொரு சொல்லும். என் பெயரின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்துக்குப் போக முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கை திடீர் திடீரென்று உதறும். கடைசியில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. உடம்பில் சேர்ந்த அலுமினியம் மூளையைப் பாதிக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. நாங்கள் வற்புறுத்திக் கொடுத்த மருந்திலும் அது இருந்தது.

ஆகவே எண்பதுகளின் நடுவில் கால்சியம் மாத்திரை வந்ததும் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. கால்சியம்தானே, எலும்புக்கு நல்லதுதானே, இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம். பயம் போன இடத்தில் கவனமும் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் என்னிடம் இருந்த நோயாளிதான் மாணிக்கம் அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு பேருந்து ஓட்டுநர். சிறுநீரகம் பழுதானதும் நிறுவனம் அவரைக் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு பேருந்து முனையத்தில் டைம்கீப்பராக உட்கார வைத்தது. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதும் வேலை. வீடு தெம்பனிஸில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில். மனைவி சரோஜா அக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். ஒரே மகள், உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய், வியாழன், சனி மதியம் இரண்டு மணிக்கு அவருடைய முறை. காலை வேலை முடித்துச் சீருடையோடு வருவார். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. எடை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சரியாக இரண்டு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவார். பிறகுதான் கையை நீட்டுவார். நான் ஊசி போடுவேன்.

எங்கள் பிரிவில் தமிழ் பேசும் தாதி நான் ஒருத்திதான். பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்குச் சொல்வது என் பொறுப்பு. புதிய மாத்திரையைக் கொடுத்த நாளில் டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு முறை உணவு உண்ணும்போதும் அதோடு சேர்த்து இரண்டு மாத்திரை என்றார். நான் அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, இது புது மாத்திரை. மூணு வேளையும் ரெண்டு ரெண்டா சாப்பிடுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். "மூணு வேளையா? சரி மிஸ்ஸி." தாதிகளை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டேன்.

மாதா மாதம் ரத்தப் பரிசோதனை வரும். முதல் மாதம் அவருடைய பாஸ்பேட் குறையவில்லை. இரண்டாம் மாதம் கூடியிருந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவர் மாத்திரை எடுக்கிறாரா என்று விசாரிக்கச் சொன்னார்.

"அண்ணே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் மிஸ்ஸி. ஒரு வேளைகூட விட்டதில்ல."

"அப்ப சாப்பாட்டுல என்ன சேர்க்கிறீங்க? கருவாடு, இக்கான் பிலிஸ் நெத்திலி, பருப்பு, பால் எல்லாம் குறைக்கணும்னு சொன்னேன்ல?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன் மிஸ்ஸி. சரோஜாவக் கேளுங்க."

டாக்டர் மாத்திரையை மூன்று மூன்றாக்கினார். ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டுவதற்காக ஒரு வைட்டமின் மாத்திரையும் சேர்ந்தது. அடுத்த மாதமும் பாஸ்பேட் இறங்கவில்லை. நான்கு நான்காயிற்று.

எங்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது. இந்த ஆள் நம் முன்னால் மட்டும்தான் மாத்திரை போடுகிறார், நமக்குக் காட்டுவதற்காகத்தான் இரண்டு மணிக்கு விழுங்குகிறார், வீட்டில் எல்லாம் குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது என்று ஒரு தாதி சொன்னாள். நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சரோஜா அக்கா அவரை அழைத்துப்போக வந்திருந்தார். பாஸ்பேட் முடிவு அன்றுதான் வந்திருந்தது. எனக்கு எரிச்சல். சுற்றிலும் மற்ற நோயாளிகள் இருப்பதையும் பார்க்காமல் சொன்னேன்: "அண்ணே, நீங்க எங்கள ஏமாத்துறதா நினைக்கிறீங்க. உங்க உடம்பத்தான் ஏமாத்துறீங்க. மாத்திரைய வீசுறதுன்னா வாங்கிட்டே போகாதீங்க."

அவர் கையில் ஊசி போட்ட காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சரோஜா அக்காதான், "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல மிஸ்ஸி" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவரிடம் மாற்றங்கள் தெரிந்தன. தாகம் என்றார். ஒவ்வொரு முறையும் எடை கூடுதலாக வந்தது. தண்ணீர் அதிகம் குடிக்கிறார் என்று அதற்கும் திட்டினோம். மலம் போகவில்லை என்றார். சோர்ந்து சோர்ந்து தூங்கினார். இரண்டு மணி மாத்திரையை மட்டும் விடவில்லை. நாலு மாத்திரையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்.

பிறகு வேலையிடத்திலிருந்து செய்தி வந்தது. பேருந்து நேரங்களைத் தப்புத் தப்பாக எழுதியிருக்கிறார். ஒரு நாள் பக்கம் முழுக்க ஒரே நேரத்தையே எழுதியிருந்தாராம். மேலாளர் வந்து கேட்டதற்கு இவர் கத்தியிருக்கிறார். குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று முடிவுகட்டி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வேலையே போய்விடும் நிலை. இதைச் சரோஜா அக்கா என்னிடம் சொன்னபோது, "குடிக்கிறாரா அக்கா?" என்று நானும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. "கலியாணம் ஆனதுலேர்ந்து ஒரு பீர்கூடத் தொட்டதில்ல மிஸ்ஸி" என்றார்.

வியாழக்கிழமை பெரிய டாக்டர் அவரைப் பார்த்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டார். அண்ணன் யோசித்து, ஞாயிறு என்றார். டாக்டர் கோப்பைப் புரட்டினார். அதில் பழைய வருடங்களின் அலுமினிய மருந்துச் சீட்டுகள் வரிசையாக இருந்தன. அவர் முகம் மாறியது. சரோஜா அக்காவை வெளியே அழைத்துப்போய், பழைய மருந்து மூளையில் தங்கியிருக்கலாம், இது சரியாகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அழவில்லை. "அப்ப இவரு இனிமே இப்படியே இருந்துடுவாரா?" என்று மட்டும் கேட்டார். அதை டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

மதியம் இரண்டு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து, "செல்வி, நீ எப்பம்மா வந்த?" என்றார். செல்வி அவருடைய தங்கை, ஈப்போவில் இருப்பவர். பிறகு முனையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தப் பேருந்தில் எந்த ஓட்டுநர், யார் எப்போதும் தாமதம், யார் தேநீர் குடிக்கப் போய் வண்டியை மறந்துவிடுவார் என்று நிறுத்தாமல் பேசினார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் சொற்கள் சரளமாக வந்தன.

ஊசியைக் கையில் எடுத்த நான் அப்படியே நின்றேன். அந்த ஆசிரியையின் வாய் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு மனத்தில் விஷயம் இருந்தது, சொல் வரவில்லை. இவருக்குச் சொல் தடையில்லாமல் வருகிறது, விஷயம்தான் கலைந்திருக்கிறது. இது அந்த நோய் இல்லை என்று எனக்குத் தோன்றியது. வேறு என்ன என்று தெரியவில்லை.

"அக்கா, இவரோட எல்லா மருந்தையும் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். மாத்திரைகள், வைட்டமின், ரத்த அழுத்த மருந்து. அவற்றுக்கு அடியில் ஒரு நீளமான நோட்டு. முனையத்தில் பேருந்து நேரம் எழுதுகிற அதே மாதிரி நோட்டு. திறந்தேன். கோடு போட்டுப் பத்தி பிரித்து, ஒவ்வொரு நாளுக்கும் மூன்று நேரங்கள். காலை 6.00. மதியம் 2.00. இரவு 10.00. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரிக் குறி. மாதக் கணக்கில், ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கடைசி இரண்டு வாரங்களில் எழுத்து கோணலாகப் போயிருந்தது. அப்போதும் குறி இருந்தது. கடைசி சில நாட்களில் எழுத்து வேறாக இருந்தது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் மிஸ்ஸி. அவரால முடியல. நேரம் தப்பக் கூடாதுன்னு அலாரம் வச்சு நானே எடுத்துக் கொடுத்தேன்."

நோட்டை மூடாமலே கேட்டேன்: "அக்கா, இவரு சாப்பாடு எத்தன மணிக்குச் சாப்பிடுவாரு?"

"காலையில பால் இல்லாம வெறும் கோப்பி ஓதான். வேலைக்குப் போற நாளு மூணரை, நாலு மணிக்குத் தேக்காவுல ஒரு கடையில நல்லா சாப்பிடுவாரு. இங்க வர்ற நாளு வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு. அது ஒரு சாப்பாடுதான் மிஸ்ஸி. மத்தபடி ரெண்டு பிஸ்கட்."

அதாவது அவர் ஒரு மாத்திரையைக்கூட வீசவில்லை. சாப்பாட்டோடு ஒரு மாத்திரையைக்கூடச் சாப்பிடவும் இல்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கால்சியம் மாத்திரைகள், வெறும் வயிற்றில். பிடிப்பதற்கு பாஸ்பேட் இல்லாமல் அத்தனையும் ரத்தத்துக்குப் போயிருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ள உதவியாக நாங்களே வைட்டமினும் கொடுத்திருக்கிறோம். தாகம், மலச்சிக்கல், சிவந்த கண், குழப்பம் எல்லாம் கால்சியம் கூடியதால் வந்திருக்கலாம். போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளில் கால்சியம் சற்றுக் கூடத்தான் இருந்தது. பாஸ்பேட்டைத் தேடிய அவசரத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. நாங்கள் இயந்திரத்தில் பயன்படுத்தும் கரைசலிலும் கால்சியம் இருக்கிறது. இவரை இப்போது வழக்கம்போல் இணைத்தால், நான்கு மணி நேரம் இன்னும் கால்சியத்தை ஏற்றிக்கொண்டிருப்போம்.

இணைக்காமலும் இருக்க முடியாது. உடம்பில் தண்ணீர் சேர்ந்திருந்தது. மூச்சு லேசாக வாங்கியது. தாமதித்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம். என் ஊகம் தப்பாக இருந்தால், நோயாளிக்கு மூச்சு முட்ட வைத்தவள் நான்தான்.

பொறுப்புத் தாதியிடம் போனேன். அவர் சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவசரமாகக் கால்சியம் பார்க்க வேண்டும், முடிவு வரும்வரை இயந்திரத்தை ஆரம்பிக்கக் கூடாது என்றேன். அவர் அண்ணனின் மூச்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவரை நிமிர்த்தி உட்கார வை. ஆக்சிஜன் கொடு. ஒரு மணி நேரம் தருகிறேன். அதற்குள் மூச்சு மோசமானால் காத்திருக்கமாட்டேன்" என்றார்.

அன்று பணியிலிருந்த இளம் டாக்டர் மூன்று வார்டுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார். சோதனைச் சீட்டில் அவர் கையெழுத்து வேண்டும். பெரிய டாக்டரே அலுமினியம் என்று எழுதிவிட்டார், இப்போது எதற்கு இது என்றார். "டாக்டர், அவருக்குப் பேச்சு திக்கவில்லை. ஒரு நிமிடம் வந்து கேளுங்கள்" என்றேன். வந்தார். தமிழ் தெரியாதவர்தான். ஆனாலும் அண்ணன் மடமடவென்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கையெழுத்துப் போட்டார். ரத்தக் குப்பியை நானே எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். சனிக்கிழமை மதியம் கால்சியம் அவசரப் பட்டியலில் இல்லை என்றார் அங்கிருந்தவர். முடிவு தெரியாமல் நான் நகரமாட்டேன் என்று அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே குப்பியை வாங்கினார். பிறகு, "போ, நானே போன் செய்கிறேன்" என்றார்.

திரும்பி வந்ததும் பொறுப்புத் தாதி என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். "இந்த மாத்திரையைக் கொடுத்த அன்று நீ அவரிடம் என்ன சொன்னாய்?"

"டாக்டர் சொன்னதைத்தான் சிஸ்டர்."

"அது இல்லை. உன் மொழியில் என்ன சொன்னாய்? அப்படியே சொல். பிறகு அதே வார்த்தைகளை ஆங்கிலத்தில் சொல்."

"மூணு வேளையும் ரெண்டு ரெண்டா சாப்பிடுங்க" என்று சொல்லிக் காட்டினேன். ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். நமக்கு வேளை என்றால் சாப்பாட்டு நேரமும்தான், வெறும் நேரமும்தான். சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். என் காதுக்கு அது சாப்பாட்டோடு என்று கேட்டது. நாள் முழுவதும் கடிகாரத்தோடு வாழ்கிற மனிதர் காதுக்கு அது மூன்று நேரம் என்று கேட்டிருக்கிறது. ஒரு நாளை அவர் எட்டு எட்டு மணி நேரமாகப் பிரித்திருக்கிறார். அவர் செய்தது தப்பே இல்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறார், யாரையும்விட ஒழுங்காக.

ஆங்கில வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பொறுப்புத் தாதி முடிக்கச் சொல்லவும் இல்லை.

தொலைபேசி அடித்தது. ஆய்வுக்கூடம். எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். மறுபடியும் சொல்லச் சொன்னேன். கால்சியம் மிக அதிகம்.

பெரிய டாக்டரை வீட்டில் பிடித்தோம். பொறுப்புத் தாதி எண்ணைச் சொல்லிவிட்டு என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார். டாக்டர் உடனே உத்தரவுகளைச் சொன்னார். மாத்திரையையும் வைட்டமினையும் நிறுத்து, கால்சியம் குறைந்த கரைசல் கிடங்கில் சில கேன்கள் இருக்கும், அதைப் போடு, நான் வருகிறேன். பிறகு கேட்டார்: "உணவோடு எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டதா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சொன்னேன் என்று நான் சொல்லியிருக்கலாம். என்னைச் சரிபார்க்க அந்தப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. நோயாளிக்குத் தெளிவில்லை. சொன்னதாகச் சொன்னால் முழுப் பொய்கூட இல்லை. சொன்னதாகத்தானே நானும் இத்தனை மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.  

"இல்லை டாக்டர். அவருக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை" என்றேன்.

 "சரி. இயந்திரத்தை ஆரம்பி" என்றார்.

சனிக்கிழமை நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடியது, பிறகு அவரை வார்டில் சேர்த்தோம்; ஞாயிற்றுக்கிழமை மறுபடியும், திங்கட்கிழமை மறுபடியும். எனக்கு ஞாயிறு விடுமுறை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் என் வீட்டுக்குப் போகாமல் நேரே வார்டுக்குப் போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். சரோஜா அக்கா, "ராத்திரி என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு மிஸ்ஸி" என்றார். அது நல்ல செய்தியா, தற்செயலா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

"மிஸ்ஸி, நான் எத்தன நாளா இங்க இருக்கேன்?"

"மூணு நாளா அண்ணே. நான் யாருன்னு தெரியுதா?"

"என்ன மிஸ்ஸி இப்படிக் கேக்குறீங்க. என்னைத் திட்டுற மிஸ்ஸிதானே." பிறகு சுவரைக் காட்டினார். "அந்த மணிக்கூடு நாலு நிமிஷம் ஸ்லோ லா. யாருகிட்டயாவது சொல்லுங்க."

நான் திரும்பிப் போய் மருந்து அறைக்குள் நின்றுகொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. 

ஆனால் வேலை முடியவில்லை. மறுநாள் அவர் தெளிவாக இருந்தபோது, சரோஜா அக்காவும் மகளும் இருக்கும்போதே சொன்னேன். அவரை நான்கு பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் என்றவள் நான். மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது சரியில்லை என்று தோன்றியது.

"அண்ணே, தப்பு உங்களோடது இல்ல. மாத்திரைய சாப்பாட்டோட சேத்துப் போடணும். நான் அதைச் சரியாச் சொல்லல. சொல்லாம விட்டுட்டு, உங்களையே திட்டினேன். மன்னிச்சுடுங்க."

 மகள் என்னைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நியாயமான கோபம்தான்.

"நான் வீசலன்னு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?" என்றார் அண்ணன்.

"தெரிஞ்சிருச்சு அண்ணே."

"அது போதும் மிஸ்ஸி. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது." பிறகு, "என் கம்பெனிக்கும் அதத் தெரியப்படுத்துவீங்களா?" என்றார்.

பெரிய டாக்டர் அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார். மருந்தின் விளைவால் வந்த தற்காலிகக் குழப்பம், மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெளிவாக எழுதினார். அடுத்த மாதம் அண்ணன் பழைய சீருடையில் வந்தார். மேலாளரே வந்து கை குலுக்கினாராம்.

என்னை யாரும் தண்டிக்கவில்லை. பொறுப்புத் தாதி நடந்ததை ஒரு தாளில் எழுதச் சொன்னார்; எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. எந்த மொழியில் சொன்னாலும், நோயாளி அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். புரிந்ததா என்று கேட்கக் கூடாது; எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, மாத்திரை எப்போது என்று கேட்க வேண்டும். "முதல் வாய் சோத்தோட மாத்திரை. சோறு இல்லன்னா மாத்திரையும் இல்ல" என்று நான் சொல்லப் பழகினேன். மூணு வேளை என்ற சொல்லை அதன்பின் எந்த நோயாளியிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு இன்று வேறு மாத்திரைகள் வந்துவிட்டன. பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் ஒரு எண் இறங்காதபோது நோயாளியைச் சந்தேகிப்பது இன்றும் மிகச் சுலபமாகத்தான் இருக்கும். அவரைச் சந்தேகிக்கும் முன்பு, நீங்கள் அவரிடம் சொன்ன வாக்கியத்தை ஒரு தடவை சந்தேகித்துப் பாருங்கள். அளவைக் கூட்டுவதற்கு முன் அவருடைய ஒரு நாளை முழுதாகக் கேளுங்கள். இதைத் தவிர உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை.

மாணிக்கம் அண்ணனுக்குச் சிறிது காலம் மருந்தை நிறுத்திவைத்து, பிறகு குறைந்த அளவில், பெரிய சாப்பாட்டோடு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். இரண்டாம் மாதமே பாஸ்பேட் இறங்கியது. முன்பு விழுங்கியதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

சில வருடங்கள் கழித்து மகளுக்குக் கலியாணம். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபம். என்னையும் பொறுப்புத் தாதியையும் அழைத்திருந்தார். என்னைக் கோபமாகப் பார்த்த பெண் மணமகளாக வந்து, எங்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். பந்தியில் இலை போட்டதும் அண்ணன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்குள் புகுந்து அவசரமாக என்னிடம் வந்தார். எனக்கு ஒரு கணம் பயமாகிவிட்டது.

"மிஸ்ஸி, ஒரு பிரச்சன. இப்ப இங்க சாப்பிடணும். நாலு மணிக்கு மாப்பிள்ள வீட்டுல சாப்பிடணும். ராத்திரி ரெஸ்டாரண்ட்ல டின்னர். ஒண்ணையும் வேணாம்னு சொல்ல முடியாது. என் மாத்திர ஒரு சாப்பாட்டுக்குத்தானே இருக்கு. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க அண்ணே?"

அவர் யோசித்தார். "மொத்தக் கணக்கக் கூட்டக் கூடாது. அதனால அதையே மூணாப் பிரிச்சுக்கிறேன். எங்க நிறைய சாப்பிடுறேனோ அங்க கூட ஒண்ணு. மாப்பிள்ள வீட்டுல பாயசம் மட்டும் ரெண்டு வாய். சரியா?"

"சரி அண்ணே" என்றேன். "போய் உட்காருங்க. இலையில சோறு ஆறுது."